பவுண்டேஷன் போட்ட மெஷின்

மாலா கொடுக்கவேண்டிய பாக்கி ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரத்து நானூறு ரூபாய். ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம் மெஷினுக்கு. நானூறு கயிற்றுக்கு.

பெங்களூரிலிருந்து மெஷினை டெம்போவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த நீல நைலான் கயிறு அது. மெஷினை விற்ற ரெபேக்கா மேடம் அதையும் நோட்டில் எழுதிவிட்டார். "கயித்துக்குமா மேடம் எழுதுவாங்க?" என்று மாலாவின் புருஷன் சம்பங்கி வாயைப் பிளந்தான். "கயிறு இன்னா மரத்துல காய்க்குதா சம்பங்கி? நானும் கடையில காசு குடுத்துத்தான் வாங்கினேன்" என்றார் அவர். மெஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தக் கயிறு மாலா வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடும் கொடியாகத் தொங்குகிறது. தொங்கட்டும், அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் மெஷின் சங்கதி.

பத்தொன்பது வருஷம் மாலா ரயிலில் போய் வந்தவள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, டிபன் பாக்ஸில் சோற்றை அடைத்து, கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஓடி, நின்றுகொண்டே தூங்கிப் போய், பெங்களூர் கார்மெண்ட்ஸில் உட்கார்ந்தால் ஒரே வேலை: சட்டைக் காலர். மணிக்கு அறுபது காலர். பத்தொன்பது வருஷத்தில் ஒரு முழுச் சட்டையை அவள் தைத்தது கிடையாது. தைத்த காலருக்கெல்லாம் கழுத்து எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

ரெபேக்கா மேடம் அந்தக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவர். வேலையை விட்டு, நாலு பெண்களை வைத்துக்கொண்டு ரஜாய், அதாவது பஞ்சு வைத்த போர்வை, தைக்கும் யூனிட் ஒன்று ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலா அங்கே கூலிக்குப் போவாள். அங்கேதான் அந்த மெஷினைப் பார்த்தாள்.

நம் வீட்டுத் தையல் மெஷினில் மெஷின் நிற்கும், துணி நகரும். இதில் துணி நிற்கும், ஊசி நடக்கும். பத்தடி நீள இரும்புச் சட்டத்தில் மூன்று உருளை. அடித்துணி, நடுவே பஞ்சு, மேலே ஒட்டுப்போட்ட துணி என்று மூன்றையும் உருளைகளில் மாட்டிக் கயிற்றுக் கட்டில்போல இழுத்து முறுக்கிவிடவேண்டும். முன்னால் ஒரு தண்டவாளம், பின்னால் ஒரு தண்டவாளம். அவற்றின் மேல் மெஷினின் தலை சக்கரம் வைத்து ஓடும். சைக்கிள் மாதிரி இரண்டு கைப்பிடி. பிடித்துத் தள்ளினால் போதும், பென்சிலால் கோலம் போடுகிற மாதிரி நூல் விழும். வேகமாகத் தள்ளினால் ஊசி வேகமாகக் குத்தும், மெல்லத் தள்ளினால் மெல்லக் குத்தும். எப்படித் தள்ளினாலும் தையல் ஒரே அளவு. அதற்கென்று சக்கரத்தை ஒட்டி ஒரு குட்டி உருளை தண்டவாளத்தைத் தொட்டபடி ஓடி அளவு பார்த்துக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை அந்தக் கைப்பிடியைப் பிடித்த அன்றைக்கு மாலா ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியில் சாய்ந்துகொண்டு, இரண்டு கையாலும் காற்றில் பூப்பூவாகப் போட்டுக்கொண்டே பங்காருப்பேட்டை வரைக்கும் வந்தாள்.

வாடகை கட்ட முடியாமல் ரெபேக்கா மேடம் யூனிட்டை மூடியபோது, அந்த மெஷினை மாலா கேட்டாள். செயினை விற்று எழுபத்தையாயிரம் முன்பணம் கொடுத்தாள். கம்பெனி வேலையை விட்டாள். நந்தி மலைப் பக்கம் புதிதாகத் திறக்கும் விடுதிக்கு இருபத்து நாலு ரஜாய் வேண்டும் என்று ஒரு ஆர்டரும் ரெபேக்கா மேடமே பிடித்துக் கொடுத்தார். டிசம்பர் இருபதாம் தேதி சரக்கு போகவேண்டும். நவம்பர் கடைசிக்குள் மெஷினுக்கு முதல் தவணை. இதுதான் பேச்சு.

மெஷின் வந்ததும் மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுச் சனமெல்லாம் கூடிவிட்டது. சம்பங்கி வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்டுக் கொட்டகை கட்டி வைத்திருந்தான். தங்கச் சுரங்கம், அதான் மைன்ஸ், மூடும் வரைக்கும் ஒர்க்ஷாப்பில் பிட்டர் வேலை பார்த்தவன், இப்போது பெரிய ஃபேக்டரியில் கான்ட்ராக்ட். அடுத்த லைன் பர்னபாஸ் அண்ணனும் பழைய ஒர்க்ஷாப் ஆள்தான். இரண்டு பேரும் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி.

"எங்கடா பவுண்டேஷன்?" என்றார் பர்னபாஸ்.

"அதான் அண்ணா நானும் ரோசன பண்றேன்."

மைன்ஸ்காரன் ஊரில் மெஷின் என்றால் பவுண்டேஷன்தான். கம்ப்ரசர், பம்ப், சுரங்கத்துக்குள் ஆட்களோடு கேஜை இறக்குகிற வைண்டிங் இன்ஜின், எதுவானாலும் தரையில் சும்மா நின்றதை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பவுண்டேஷன் இல்லாத மெஷின் ஒருநாள் ஆளை அடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அங்க யூனிட்ல சும்மாதாங்க நின்னுச்சி" என்று மாலா சொல்லிப் பார்த்தாள்.

"அதான் அந்த யூனிட்ட மூட்டாங்க" என்றார் பர்னபாஸ்.

நாலு குழி தோண்டினார்கள். இரண்டடி ஆழம். ஜல்லி, சிமெண்ட், பழைய இரும்புக் கடையில் தேடிப்பிடித்த பவுண்டேஷன் போல்ட். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினான் சம்பங்கி. பர்னபாஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபம் பண்ணினார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பன். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்துக்கொண்டே இருந்தார்கள். மெஷின் மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மாலா தினமும் இரண்டு தடவை தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பாள், தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

எட்டாம் நாள் ஏற்றினார்கள். மெஷினின் ஒவ்வொரு காலிலும் திருகி ஏற்றி இறக்குகிற மாதிரி ரப்பர் அடி ஒன்று இருந்தது. "இது இன்னாமே, நாய்க்குட்டி காலு மாரி?" என்று சம்பங்கி நாலையும் கழற்றி எறிந்தான். நல்ல கனம். மாலா எடுத்து வைத்துக்கொண்டாள், துணி வெட்டும்போது பறக்காமல் மேலே வைக்க உதவும் என்று.

மூன்று கால் சிமெண்டில் உட்கார்ந்தது. பின்பக்கம் வலது கால் மட்டும் ஒரு விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது.

"இய்த்து டைட் பண்ணு. இரும்பு சொன்னபடி கேக்கும்" என்றார் பர்னபாஸ்.

ஸ்பேனருக்குப் பைப்பைச் சொருகி, இரண்டு பேரும் தொங்கி, நட்டை முறுக்கினார்கள். கால் இறங்கிச் சிமெண்டைத் தொட்டது. முன் தண்டவாளத்தின் மேல் மட்டக்கோலை வைத்தான் சம்பங்கி. குமிழி நடுவில் நின்றது, கடவுள் வைத்த மாதிரி. எல்லோரும் கைதட்டினார்கள். அத்தோடு விடாமல் போல்ட்டெல்லாம் தெரியாதபடி பூசி மெழுகி, மேலே காவிச் சாயம் போட்டு, தரையோடு தரையாகப் பளபளவென்று தேய்த்துவிட்டான். அந்த வேலையைப் பார்த்தால் யாருக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பொய் சொல்லக்கூடாது.

மெஷின்தான் கும்பிடவில்லை.

இடது பக்கம் தைத்தால் தையல் முத்துமாதிரி விழும். வலது பக்கம் பின்மூலைக்குப் போனால் இரண்டு தையல் கிட்டக்கிட்ட, அப்புறம் அரை விரல் நீளத்துக்கு ஒன்று, அப்புறம் ஒன்றுமே இல்லை. பல் விழுந்த வாய்மாதிரி. மூன்று தடவை கீங்கீங்கென்று கத்திவிட்டு மெஷின் நின்றுபோகும். இன்னொரு கூத்து: கைப்பிடியை விட்டால் தலை தானாகவே உருண்டு அந்த வலது பின்மூலைக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

"சொரங்க ஷாப்டுல செத்தவன் எவனோ இய்க்கறான்" என்றாள் பக்கத்து வீட்டு ஜூடித். இன்னமும் ரயிலில் கார்மெண்ட்ஸுக்குப் போய்வருகிறவள்.

"அடியில பூரா ஓட்டை. எத்தினி லெவல் வெட்டிப் போட்ருக்கோம்! மெஷினுக்குக் கீய போவணும்னு ஆச" என்றார் பர்னபாஸ்.

மாலாவின் மகள் சுனிதா பி.காம். கடைசி வருஷம். போனில் தேடித் தேடி ஊசியை மாற்றினாள், நூலை மாற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. பெங்களூரிலிருந்து மெக்கானிக் விநாயக்கை வரவழைத்தார்கள். கன்னடக்காரப் பையன், தமிழ் அரைகுறை. மெஷினின் தலையைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துத் துடைத்து வைத்தான்.

"தலை சென்னாகிதே அம்மா. ஒந்தும் தப்பு இல்ல. லெவல் பாத்தீங்களா, நோடிதீரா?"

சம்பங்கி போய் மட்டக்கோலை எடுத்துவந்து முன் தண்டவாளத்தில் வைத்தான். குமிழி நடுவில்.

"சூப்பர்" என்றான் விநாயக். "ஹாகாத்ரே, அப்படின்னா, வோல்டேஜ்தான்."

மூவாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு போனான். ஸ்டெபிலைசர் வாங்கினார்கள். திரும்பவும் பல் விழுந்தது. திரும்பவும் வந்தான். திரும்பவும் மூவாயிரத்து ஐந்நூறு.

ஒருநாள் களியும் கருவாட்டுக் குழம்புமாகச் சம்பங்கி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாலா மெல்ல ஆரம்பித்தாள். "இன்னாங்க, அந்தப் பின் மூலையில..."

"பின் மூலையில இன்னா?"

"இல்ல, பவுண்டேஷன் எங்கனா..."

களி உருண்டை பாதி வழியில் நின்றது. "கம்ப்ரசர் நிக்க வெச்ச கை இது. இருவது டன்னு. ஒரு நூலு ஆடல. உன் ரஜாய் மெஷினு ஆடுதா?" தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து அந்தப் பேச்சை மாலா எடுக்கவில்லை. மைன்ஸ் வேலை போன மனுஷனுக்கு வேலை தெரியும் என்கிற பேர் ஒன்றுதான் மிச்சம். அதில் கைவைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

தைத்தது ஒரு பங்கென்றால் பிரித்தது மூன்று பங்கு. பிளேடால் நூல் நூலாகப் பிரித்து மாலாவின் கட்டைவிரல் மரத்துப்போனது. ஒட்டுப்போட்ட மேல்துணி இருபத்து நாலும் மிதி மெஷினில் எப்போதோ தைத்து முடித்து அடுக்கி வைத்திருந்தாள். மஞ்சளும் நீலமும் சிவப்புமாக, கார்மெண்ட்ஸ் கட் பீஸ்தான், பார்த்தால் கண் குளிரும். ஆனால் டிசம்பர் பாதி வந்தபோது முழுசாக முடிந்த ரஜாய் இரண்டே இரண்டு. பழைய கம்பெனியில் ஒரு இடம் காலி என்று ஜூடித் சேதி கொண்டுவந்தாள். "திங்கக்கெயமைக்குள்ள சொல்லணுமாம் மாலா. அதே காலர்தான்."

வெள்ளிக்கிழமை ரெபேக்கா மேடம் போன் பண்ணினார்.

"மாலா, தவணயும் வரல, சரக்கும் வரல. எனக்கும் பேங்குல கழுத்தப் புடிக்கறான். ஓசூர்ல ஒரு ஆளு ரொக்கமா குடுக்கறேன்றான். நாளைக்கு டெம்போ எட்த்துகினு வரேன். மெஷின ஏத்திக்கறேன். உன் அட்வான்ச அப்பால குட்த்துடறேன். மனசுல வெச்சிக்காத."

"சரிங்க மேடம்" என்றாள் மாலா.

சனிக்கிழமை காலையில் ஊரே வெள்ளையாகப் பனி மூடிக் கிடந்தது. அவரைக்காய் காலம். முதல்நாள் ஊறப்போட்ட கொட்டையை முறத்தில் கொட்டி மாலாவும் ஜூடித்தும் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலால் ஒரு அழுத்து, பருப்பு டப்பென்று எகிறிப் பாத்திரத்தில் விழும். மாலாவின் கை பிதுக்கியது, காது ரோட்டில் இருந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு டெம்போ வந்து நின்றது. ரெபேக்கா மேடம், இரண்டு லோடு ஆட்கள், கழற்றிக் கொடுக்க விநாயக்.

ரெபேக்கா மேடம் குள்ளம். சங்கிலியில் கண்ணாடி தொங்கும். யார் முகத்தையும் பார்க்காமல், "மாட்டிகினு கீற துணிய வெட்டி எட்த்துடு மாலா" என்றார்.

உருளைகளில் மூன்றாவது ரஜாய் பாதியில் நின்றது. மாலா கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். கை ஓடவில்லை. தலை வழக்கம்போல வலது பின்மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

விநாயக் கீழே குனிந்து தடவினான். முன்னால் தடவினான், பின்னால் தடவினான். "போல்ட் எல்லிதே?"

ரெபேக்கா மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இரும்புக் கால் நாலும் காவித் தரைக்குள் இறங்கியிருந்தன, மரம் மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி. நட்டும் போல்ட்டும் கண்ணிலேயே படவில்லை.

"இன்னா சம்பங்கி இது?"

சம்பங்கி தொண்டையைச் செருமினான். "பவுண்டேஷன் மேடம்."

"தையல் மெஷினுக்கா?"

"மெஷின்தானே மேடம்."

"எத்தினி ஆழம்?"

"ரெண்டடி" என்றார் வாசலில் நின்ற பர்னபாஸ், மெடல் வாங்குகிறவர்போல. "ஒண்ணுக்கு ரெண்டு நாலு கலவ."

ரெபேக்கா மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மாலா பயந்தாள். அழவில்லை. சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் கிடந்த அவரைக்காய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "யப்பா, யேசப்பா! எங்க அப்பா கிரைண்டருக்கு போல்ட் போட்டாரு. எங்கம்மா ஒரு வருஷம் பேசல. நீங்கல்லாம் திருந்தவே மாட்டீங்களாடா?"

லோடு ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். தூக்கத்தான் வந்தார்களாம், உடைக்க வரவில்லையாம்.

"யார் போட்டாங்களோ அவங்களே ஒடைக்கட்டும்" என்றார் ரெபேக்கா மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சம்பங்கி உளியையும் சம்மட்டியையும் எடுத்துவந்தான். வாசலுக்குக் கிட்டே இருந்தது வலது பின்கால். அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் அடி காவியில் விழுந்தது. பர்னபாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அடி விழ விழப் பொடி பறந்தது. மாலா அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். தானே போட்டதைத் தானே உடைக்கிற முதுகு. இவன் ஒரு அடியைக்கூடக் குறைத்துப் போடவில்லையே என்று நினைத்தாள்.

பூச்சு உடைந்து நட்டு தெரிந்தது. ஸ்பேனரை வைத்து, பைப்பைச் சொருகி, மூச்சைப் பிடித்துத் தள்ளினான். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

டங்!

கால் எகிறியது. சிமெண்டை விட்டு ஒரு விரல்கடை மேலே போய் நின்று ஆடியது. சட்டம் முழுக்கச் சோம்பல் முறித்த மாதிரி ஒரு முனகல் கொடுத்தது. சம்பங்கி பின்னால் சாய்ந்து விழுந்தான்.

அப்போதுதான் அது நடந்தது. இரண்டு மாசமாகக் கையை விட்டால் அந்த மூலைக்கே ஓடிய மெஷின் தலை, யாரும் தொடாமலேயே, மெல்ல, மெல்ல உருண்டு நடுவே வந்தது. வந்து நின்றது. அங்கேயே நின்றது.

"ஸ்தோத்திரம்!" என்றாள் ஜூடித்.

மாலாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. "யாரும் கை வெக்காதீங்க!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி அந்த லைனில் யாரும் கேட்டதில்லை. "சுனிதா! ப்ளக்க மாட்றீ! சீக்கரம்!"

"ம்மா, அவங்க எட்த்துனு போறதுக்கு..."

"மாட்றீன்னா!"

விளக்கு எரிந்தது. மாலா கைப்பிடி இரண்டையும் பிடித்தாள். இடது ஓரத்திலிருந்து தள்ளினாள். டகடகடகவென்று ஊசி நடந்தது. நடுவைத் தாண்டியது. வலது பக்கம் வந்தது. பின்மூலை. மாலா கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின் கத்தவில்லை. நிற்கவில்லை. ஊசி மூலையில் வளைந்து, இன்னொரு பூவைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தாள். பல் வரிசையாக இருந்தது. ஒன்றுகூட விழவில்லை.

விநாயக் மட்டக்கோலைப் பிடுங்கி, இதுவரைக்கும் யாரும் வைக்காத பின் தண்டவாளத்தின் மேல் வைத்தான். குமிழி கிட்டத்தட்ட நடுவுக்கு வந்திருந்தது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ! முந்தே மாத்ர நோடிதீரி! முன்னால மட்டும் பாத்தா போதுமா? பின்னால வளைஞ்சி போய்த்து! அந்தக் குட்டி ரோலர் தண்டவாளத்தத் தொடவே இல்லம்மா, அளவு எங்க சிக்கும்?"

"நீ மட்டும் பின்னால பாத்தியா?" என்றாள் சுனிதா. "ரெண்டு வாட்டி வந்து ஏழாயிரம் வாங்குனல்ல?"

விநாயக் மட்டக்கோலைத் துடைக்க ஆரம்பித்தான்.

சம்பங்கி தரையிலேயே உட்கார்ந்திருந்தான். எகிறி நின்ற காலையும் அதன் கீழே தெரிந்த ஒரு விரல்கடை இடைவெளியையும் பார்த்துக்கொண்டே இருந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. அவன் எழுந்து வெளியே போய்விடுவான் என்று மாலா நினைத்தாள். போகவில்லை.

"ஏமே" என்றான், தலையை நிமிர்த்தாமல். "அந்த நாய்க்குட்டி காலு நாலு எங்க?"

மாலா ஓடினாள். துணி வெட்டும் பலகை மேலிருந்து நாலு ரப்பர் அடிகளையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். நீல நூலும் மஞ்சள் நூலும் ஒட்டியிருந்தன. சம்பங்கி ஒன்றை எடுத்து நூலை ஊதிவிட்டான். திருகினால் ஏறும், திருப்பினால் இறங்கும். திருகித் திருகிப் பார்த்தான். "த்தூ. காலுக்கு ஒண்ணு குட்த்துகீறான், ஏத்தி எறக்க. பேசாத ஜீவனக் கட்டி வெச்சி வதச்சிட்டேன்" என்றான். அப்புறம் சம்மட்டியை எடுத்தான். மிச்சம் மூன்று பவுண்டேஷனையும் உடைத்த வேகத்துக்கு ஷீட் கூரை அதிர்ந்தது. பர்னபாஸே ஒரு கை கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, "பவுண்டேஷன்ல தப்பு இல்ல, எழுதி வெச்சிக்கோ. மெஷினுக்குத்தான் தெம்பு பத்தல" என்றார்.

இதற்குள் ரெபேக்கா மேடம் ரஜாய் மேல் குனிந்து கட்டைவிரல் நகத்தால் தையலை எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு அது பழைய பழக்கம். கார்மெண்ட்ஸில் அந்த நகத்துக்கு நடுங்காத பெண் கிடையாது. "இஞ்சுக்குப் பத்து" என்றார். கொஞ்சம் தள்ளி, "பத்து." மூலைக்குப் போய், "பத்து." நிமிர்ந்தார்.

அவருடைய போன் அடித்தது. ஓசூர் ஆள். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டான்போல. மாலா அவருடைய வாயையே பார்த்தாள். சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது, திங்கட்கிழமை ரயிலா, இந்தக் கைப்பிடியா என்பது.

"வராதுங்க" என்றார் ரெபேக்கா மேடம் போனில். "ரெண்டடி ஆழத்துக்கு பவுண்டேஷன் போட்டு கட்டிட்டாங்க. ஆமாங்க, தையல் மெஷினுக்குத்தான். நீங்க மைன்ஸ்காரங்களப் பாத்ததில்லையா? வேற எடம் பாருங்க." போனைப் பைக்குள் போட்டார். "இருவதாந்தேதி சரக்கு வண்டில ஏறணும் மாலா. இன்னிக்குப் பதினாலு. மிச்சம் இருவத்திரெண்டு. முடியுமா?"

"முடியும் மேடம்!" அது மாலாவின் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"டெம்போ வாடகய உன் கணக்குல எய்த மாட்டேன். அது நான் சிரிச்ச சிரிப்புக்குப் போவட்டும். பிதுக்குப் பருப்பு கொயம்பு வெக்கறியா?"

அன்று மத்தியானம் எல்லோரும் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் சாப்பிட்டார்கள். லோடு ஆட்கள் மூன்றாம் தடவை குழம்பு கேட்டார்கள். விநாயக் இரண்டு தண்டவாளத்திலும் மட்டம் பார்த்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து, நாலு ரப்பர் காலையும் அரைத் திருகு கால் திருகாக ஏற்றி இறக்கிச் சரிபண்ணிக் கொடுத்தான். காசு கேட்கவில்லை. சுனிதா முறைத்த முறைப்பில் கேட்டிருக்கவும் முடியாது.

அந்த ஆறு நாளை என்னவென்று சொல்வது! மாலா கைப்பிடியைப் பிடித்தால் சாயங்காலம்தான் விடுவாள். சம்பங்கி லீவு போட்டுவிட்டு உருளை மாட்ட, பஞ்சு விரிக்க, முடிந்ததை இறக்க என்று நின்றான். தினமும் காலையில் இரண்டு தண்டவாளத்திலும் மட்டக்கோலை வைத்துப் பார்த்த பிறகுதான் டீயே குடிப்பான். சுனிதா ஓரம் மடித்துத் தைத்தாள். "ம்மா, இது பாரு, கடல் அலை மாரி கீது" என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தாள். ஜூடித் ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்து நூல் பிசிறு வெட்டுவாள். "நானும் காலருதான் தெக்கிறேன் பதினாலு வருஷமா. எனக்கும் ஒருவாட்டி அந்தக் கைப்பிடியக் குடேன்" என்றாள். கொடுத்தாள் மாலா. ஜூடித் போட்ட பூ கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் அவள் போன ரயிலைத் திரும்பப் பிடித்தவள்போலச் சிரித்தாள்.

இருபதாம் தேதி காலை இருபத்து நாலு ரஜாயும் வண்டியில் ஏறின. நடுவே வந்த திங்கட்கிழமை ரயிலில் மாலா போகவில்லை. அதற்கப்புறம் எந்தத் திங்கட்கிழமையும் போகவில்லை.

ஒரு விடுதி இரண்டு விடுதியானது. கல்யாணச் சீருக்கென்று ஆண்டர்சன்பேட்டையிலிருந்தே வந்து கேட்டார்கள். மாசா மாசம் மாலா கட்டினாள். ஜூடித்தும் ரயிலை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டாள். உடைத்தெடுத்த சிமெண்ட் கட்டை ஒன்றைப் பர்னபாஸ் கொட்டகை வாசலில் உருட்டிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து மெஷினுக்குத் தெம்பு பத்தாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த அவரைக்காய் காலத்தில் ரெபேக்கா மேடம் டெம்போவோடு வந்தார். இந்தத் தடவை ரஜாய் எடுத்துப் போக. பெங்களூரில் ஒரு கடைக்குப் பதினைந்து வேண்டுமாம். நோட்டைத் திறந்து கண்ணாடியை மாட்டினார்.

"மெஷின் கணக்கு போன மாசமே தீந்துடுச்சி. மிச்சம் நானூறு."

"தெரியும் மேடம்" என்று மாலா தயாராக வைத்திருந்த நானூறு ரூபாயை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. டெம்போவைப் பார்த்தார். பதினைந்து ரஜாயும் மூட்டையாக ஏறி, மேலே மேலே உப்பிக்கொண்டு நின்றன. டிரைவர் ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழும்பியது. "கயிறு கொண்டாரலியாடா?" என்றார். டிரைவர் தலையைச் சொறிந்தான்.

ரெபேக்கா மேடம் வீட்டுப் பின்பக்கம் பார்த்தார். மாலாவும் பார்த்தாள். ஈரத் துணியைச் சுமந்துகொண்டு நீலக் கயிறு தொங்கியது. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

மாலா துணியையெல்லாம் அள்ளி ஜூடித்தின் தோளில் போட்டாள். சம்பங்கி கயிற்றை அவிழ்த்தான். மூட்டையைச் சுற்றி நாலு சுற்று, மைன்ஸ் முடிச்சு. ரஜாய்கள் அடங்கின.

"துணி எங்க காயப்போடறது இப்ப?" என்றாள் ஜூடித்.

"ரெண்டு கம்பம் நட்டுக் கம்பி கட்டிட்டா ஆச்சி" என்று சம்பங்கி கடப்பாரையை எடுத்தான்.

"ரெண்டடி தோண்டு" என்று பர்னபாஸ் கட்டையை விட்டு எழுந்தார். "ஜல்லி நான் கொண்டாறேன்."

"வாணாம் சாமி!" என்று மாலா கத்தியதில் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ரெபேக்கா மேடம் சிரித்துக்கொண்டே முன்சீட்டில் ஏறினார். நோட்டை மடியில் வைத்து, கடைசி வரியின் மேல் பேனாவால் நீளமாக ஒரு கோடு போட்டார்.

"கயிறு என்கிட்ட வந்துடுச்சி. கணக்கு தீந்துச்சி மாலா."

"சரிக்கா" என்றாள் மாலா.

பத்தொன்பது வருஷமும் அதற்கு மேலும் மேடம் என்று கூப்பிட்ட வாய். ரெபேக்கா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். டெம்போ கிளம்பியது. கொட்டகைக்குள் மாலா போட்டுவிட்டு வந்த மெஷினின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவே, விட்ட இடத்திலேயே, தலை நின்றுகொண்டிருந்தது.